சாமிதுரை வீட்டுக் கிரையம்

வலங்கைமான் கடைத்தெருவில் குந்தவை என்று கேட்டால் சிலருக்குத் தெரியாது. மாவுக்காரம்மா என்றால் எல்லோருக்கும் தெரியும். விடிவதற்குள் இட்லி மாவு ஆட்டி, டீக்கடைகளுக்கும் மெஸ்களுக்கும் தூக்குப் பாத்திரத்தில் கொண்டுபோய்க் கொடுக்கிற பெண். ஐம்பதை நெருங்கும் வயது. பேச்சு குறைவு, நடை வேகம். கணவன் முருகையன் கதிர் அறுக்கும் வண்டி ஓட்டுகிறவன். இங்கே அறுப்பு முடிந்ததும் வண்டியோடு ஆந்திரா, கர்நாடகா என்று போய்விடுவான். மகளைத் திருவாரூரில் கட்டிக்கொடுத்தாயிற்று. ஆகவே வருஷத்தில் பாதி நாள் அவளும் கிரைண்டரும்தான்.

அந்த கிரைண்டர்தான் அவளை வீடு வீடாக விரட்டியது. பெரிய கல் போட்டது. ஓடினால் சுவரே அதிரும். குடியேறிய சில மாதங்களில் வீட்டுக்காரர் வந்து நிற்பார். "ஏம்மா, தூங்க முடியல." அடுத்த வீடு பார்க்க வேண்டும். கல்லைத் தூக்க ஆள் பிடிக்க வேண்டும். நம் வீடு என்று ஒன்று இருந்தால் எவன் வந்து கேட்பான் என்கிற நினைப்பிலேயே சீட்டு கட்டிச் சேர்த்தாள்.

வாய்க்கால் தெருவின் கடைசி வீடு விலைக்கு வருகிறது என்று ஒரு தரகர் சொன்னார். முன்பக்கம் ஓடு, பின்பக்கம் தளம் போட்டது. கொல்லையைத் தாண்டினால் வாய்க்கால் கரை, அதற்கு அப்பால் வயல். பக்கத்து வீட்டுச் சுவர் ஒட்டாமல் தள்ளி இருந்தது. கிரைண்டருக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. விலையும் அந்தத் தெருவுக்குக் குறைவாகவே இருந்தது.

வீட்டுக்காரி பிரகதாம்பாள் எழுபதைத் தாண்டியவள். முழங்கால் வலியால் சுவரைப் பிடித்தபடியே நடந்து வீட்டைக் காட்டினாள். கூடம், சமையல்கட்டு, தண்ணீர்த் தொட்டி. கூடத்தை ஒட்டிய அறையின் கதவு சாத்தியிருந்தது. குந்தவை அதன்மேல் கை வைக்கப் போனபோது பிரகதாம்பாள் குரலைத் தாழ்த்தினாள்.

"அவரு படுத்திருக்காரு. அப்புறமா பாத்துக்கலாம்."

"பரவால்லம்மா, தூங்கட்டும்" என்று குந்தவையும் குரலைத் தாழ்த்தினாள். வெளியே வரும்வரை இருவரும் கிசுகிசுத்தே பேசினார்கள். உடம்புக்கு முடியாத மனுஷர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் ஜெக்கரியாவைப் போய்ப் பார்த்தாள். பதிவு அலுவலகத்துக்கு எதிரே நெடுங்காலமாகப் பத்திரம் எழுதுகிறவர். மூலப்பத்திரத்தின் நகலைப் புரட்டியவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"வீடு சாமிதுரை பேர்ல இருக்கு. அந்தம்மாவோட வீட்டுக்காரரு."

"தெரியும் பாய். நேத்து போனப்பக்கூட படுத்திருந்தாரு. அவரு கையெழுத்து போட மாட்டாரா?"

ஜெக்கரியா அவளைச் சிறிது நேரம் பார்த்தார். "நீ பாத்தியா?"

"கதவு சாத்தியிருந்துச்சு."

"ஏம்மா, சாமிதுரை காணாமப் போயி இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. ஒரு ஆடி மாசம், தண்ணி கட்டப் போறேன்னு மம்பட்டிய எடுத்துக்கிட்டுப் போனாரு. மம்பட்டி கரையில கெடந்துச்சு. ஆளு கெடைக்கல. ஆத்துல தேடினாங்க, மதகுல தேடினாங்க. ஒண்ணும் இல்ல."

குந்தவைக்குத் தான் அந்த வீட்டில் குரலைத் தாழ்த்திப் பேசியது நினைவுக்கு வந்தது. யாருக்காகத் தாழ்த்தினாள்?

ஏழு வருஷம் ஒரு தகவலும் இல்லாவிட்டால் ஆள் இறந்ததாகக் கருதும்படி கோர்ட்டில் கேட்கலாம் என்று ஜெக்கரியா விளக்கினார். தீர்ப்பு வந்தால் இறப்புச் சான்று. அதை வைத்து வாரிசுச் சான்று. பிள்ளை இல்லை, அதனால் பிரகதாம்பாள் ஒருத்திதான் வாரிசு. அதற்கப்புறம் அவள் விற்கலாம். வழி இருக்கிறது. ஆனால் அந்தம்மா இத்தனை வருஷமாக அதற்குச் சம்மதித்ததே இல்லை. வாங்க வந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் போனது அதனால்தான்.

குந்தவை மறுபடி வாய்க்கால் தெருவுக்குப் போனாள். பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கொல்லையும் தள்ளியிருந்த சுவரும் மனதைவிட்டுப் போகவில்லை. விஷயத்தைத் தயங்கித் தயங்கிச் சொன்னாள். பிரகதாம்பாள் கோபப்படவில்லை.

"சீர்காழியில என் தங்கச்சி மக வானதி இருக்கா. வந்துடு பெரியம்மான்னு கூப்புட்டுக்கிட்டே இருக்கா. எனக்கும் முடியல. அவருகிட்ட ஒரு வார்த்த கேட்டுச் சொல்றேன்" என்றாள்.

இரண்டு நாள் கழித்து, மாவு ஊற்றிவிட்டுத் திரும்பும்போது கடைத்தெருவில் பிரகதாம்பாள் நின்றுகொண்டிருந்தாள். முழங்கால் வலியோடு அவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறாள்.

"சரின்னுட்டாரு" என்றாள். "காயிதத்துலதானே சாகப் போறேன், போனாப் போகுதுன்னாரு."

முன்பணம் கொடுத்து ஒப்பந்தம் போட்டார்கள். கோர்ட்டு வேலை ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்தது. சாமிதுரை என்பவர் உயிரோடு இருந்தால் வந்து தெரிவிக்கலாம் என்று செய்தித்தாளில் விளம்பரம் வந்தது. அது வந்த நாட்களில் குந்தவை தெருவில் யாராவது வயதான ஆள் எதிரே வந்தால் முகத்தை உற்றுப் பார்ப்பாள். யாரும் வரவில்லை. தீர்ப்பு வந்தது. பஞ்சாயத்து அலுவலகத்தில் இறப்பைப் பதிந்தார்கள். தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்து வாரிசுச் சான்றும் வாங்கியாயிற்று.

ஜெக்கரியா செலவைச் சொன்னார். அரசாங்கத்தின் வழிகாட்டி மதிப்பும் பேசிய விலையும் ஏறக்குறைய ஒன்றுதான், அதனால் அதில் வம்பு இல்லை. முத்திரைத்தீர்வை நூற்றுக்கு ஏழு. பதிவுக் கட்டணம் நூற்றுக்கு இரண்டு.

"ஒம்பேர்ல எழுதிக்க. பத்து லட்சத்துக்குள்ள, பொம்பள பேருன்னா பதிவுல ஒரு ரூவா கொறையும். நூத்துக்கு எட்டோட முடிஞ்சிரும்."

"அவரு பேர்லதான் எழுதணும்னு இருந்தேன் பாய்."

"முருகையன் என்ன, பதிவுக்காக ஆந்திராவுலேந்து வண்டிய நிறுத்திட்டா வரப் போறான்? ஒம்பேரே இருக்கட்டும்."

முருகையனும் போனில் அதையேதான் சொன்னான். வளையலை அடகு வைத்துத் தீர்வைக்குக் கட்டினாள். அது வீட்டு விலையில் சேராத பணம் என்பதும், எது நடந்தாலும் திரும்பி வராது என்பதும் ஜெக்கரியா சொல்லித்தான் தெரிந்தது. வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தார்கள். அடமானம், வழக்கு எதுவும் இல்லை. "சுத்தமான சொத்து" என்றார் ஜெக்கரியா.

பத்திரத்தோடு வீட்டின் போட்டோவும் சேர்க்க வேண்டும். ஜெக்கரியாவே வந்தார். நல்ல வெயில், உச்சிப்பொழுது. தெருவில் நின்று செல்போனைத் தூக்கிப் பிடித்தார். பிரகதாம்பாள் வேலிப்பக்கம் குந்தவையோடு நின்றாள்.

"செத்த இருங்க" என்றாள் பிரகதாம்பாள். "வாசல்ல நிக்கிறாரு. உள்ள போகட்டும்."

வாசலில் யாரும் இல்லை. ஓட்டின் நிழல் படியில் விழுந்திருந்தது, அவ்வளவுதான். ஜெக்கரியா செல்போனைத் தூக்கிய கையை இறக்கவில்லை. சிரிக்கவும் இல்லை. காத்துக்கொண்டு நின்றார். குந்தவையும் நின்றாள். எங்கோ ஒரு டிராக்டர் சத்தம் வந்து தேய்ந்தது.

"ம். இப்ப எடுங்க" என்றாள் பிரகதாம்பாள்.

எடுத்துவிட்டு வந்த ஜெக்கரியாவின் நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. படத்தை அவர் குந்தவையிடம் காட்டவில்லை, அவளும் கேட்கவில்லை.

பதிவு நாளன்று டோக்கன் வரிசையில் காத்திருந்தார்கள். ஆதாரைச் சரிபார்த்தார்கள், படம் எடுத்தார்கள். பிரகதாம்பாளின் விரல் ரேகை தேய்ந்துபோயிருந்ததால் இயந்திரம் பலமுறை மறுத்தது. துணியால் துடைத்துத் துடைத்து வைத்தபிறகு ஏற்றுக்கொண்டது. சார்பதிவாளர் இளவயதுப் பெண். பத்திரத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"பணம் முழுசா வந்துடுச்சாம்மா?"

"வந்துடுச்சு."

"கணவர் இறந்துட்டாரு, வாரிசுங்கற முறையில நீங்க விக்கிறீங்க. சரிதானே?"

"அப்படித்தான் கோர்ட்டுல சொல்றாங்க."

"நீங்க என்ன சொல்றீங்க?"

பிரகதாம்பாள் பக்கத்துக் காலி நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள். அந்த அறையில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். சார்பதிவாளரும் பார்த்தார்.

"கையெழுத்து போடத்தான் வந்திருக்கேன்" என்றாள் பிரகதாம்பாள். போட்டாள்.

அந்த வாரமே வானதி கார் வைத்து வந்து பெரியம்மாவை அழைத்துப் போனாள். கிளம்பும்போது பிரகதாம்பாள் வீட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. காரின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சிறிது நேரம் நின்றாள். பிறகு தானும் ஏறிக்கொண்டு, ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம்விட்டு உட்கார்ந்தாள்.

குந்தவை பால் காய்ச்சிக் குடியேறினாள். கிரைண்டர் ஓடியது. கேட்பார் இல்லை. மூடியிருந்த அறையைத் திறந்தபோது அதில் ஒரு கயிற்றுக்கட்டில் மட்டும் இருந்தது. நடுப்பகுதி தொய்ந்திருந்தது. இத்தனை வருஷமாக யாரும் படுக்காத கட்டில் இப்படியா தொய்யும் என்று நினைத்தாள். பிரகதாம்பாளே படுத்திருப்பாள் என்று உடனே பதிலும் சொல்லிக்கொண்டாள். அந்த அறையில் அரிசி மூட்டைகளை அடுக்கினாள்.

கார்த்திகையில் ஒருநாள். காலையில் மழை விட்டு, வானம் வெளுக்காமல் கிடந்தது. குந்தவை பின்கட்டில் உளுந்து களைந்துகொண்டிருந்தாள். கொல்லைக் கதவு நிலையில் இறங்கிப்போன பழைய கதவு. வெளியிலிருந்து திறக்க வேண்டுமானால் ஒரு கையால் தூக்கி, முழங்காலால் ஒரு முட்டு கொடுக்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்கவே அவளுக்கு ஒரு வாரம் ஆனது.

கதவு மேலே தூக்கப்பட்டது. ஒரு முட்டு. திறந்துகொண்டது.

நரைத்த தலையோடு ஒல்லியான ஒரு கிழவர் நின்றார். தோளில் ஒரு துணிப்பை. அவர் குந்தவையைப் பார்க்கவில்லை. கதவின் கீழ்க்கீலைப் பார்த்தார்.

"இன்னும் இதச் சரி பண்ணலியா?" என்றார்.

குந்தவையின் கை தண்ணீருக்குள்ளேயே நின்றுவிட்டது. அவள் கண் முதலில் போனது அவர் காலுக்குத்தான். கணுக்கால்வரை வயல் சேறு. கால் தரையில் பட்டிருந்தது. சேறு தரையில் ஒட்டியிருந்தது.

"யாரு?" என்று கேட்க நினைத்தாள். கேட்காமலே தெரிந்துவிட்டது.

"இது ஒங்க வீடா இப்ப?" என்றார் அவர்.

"ஆமா. கிரையம் வாங்கியிருக்கேன்."

"வீட்டக் கேட்டு வரல. பாத்துட்டுப் போலாம்னுதான் வந்தேன். பிரகதா இருக்காளா?"

தண்ணீர் கொடுத்தாள். அண்ணாந்து குடித்தார். தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. உயிருள்ள ஆள்தான். ஆனால் அடுத்த கணமே வேறொரு பயம் வந்து உட்கார்ந்தது. முன்னதைவிடப் பெரிய பயம். அவர் உயிரோடு இருந்தால் இந்தப் பத்திரம் என்ன ஆகும்?

கூடத்துக்குப் போய் ஜெக்கரியாவுக்குப் போன் போட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள். அந்தப் பக்கம் ஜெக்கரியா கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"அவருதான்னு யாரு சொல்லணும்? சம்சாரம் சொல்லணும். அந்தம்மா ஆமான்னுட்டா, வழக்கு போடலாம், தீர்ப்பக் கேள்வி கேக்கலாம். எங்க போயி நிக்கும்னு எனக்கே தெரியல. நீ ஒண்ணு செய். பஸ்ஸுக்குக் காசு குடு. அனுப்பிச்சிரு. நீயும் பாக்கல, நானும் கேக்கல."

போனை வைத்துவிட்டு வந்தாள். அவர் கொல்லைப்படியில் உட்கார்ந்து வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க போயிருந்தீங்க?" என்று கேட்டாள்.

"தண்ணி கட்டப் போனேன். மடையத் திறந்துட்டு கரையில உக்காந்தேன். தண்ணி போறதப் பாத்துக்கிட்டே இருந்தேன். திரும்பி வரணும்னு தோணல. எழுந்து நடந்துட்டேன்." கொஞ்சம் யோசித்தார். "அவ்வளவுதான். வேற ஒண்ணுமில்ல."

அதை அவர் சொன்ன விதத்தில் வருத்தமும் இல்லை, வெட்கமும் இல்லை. பஸ்ஸுக்குக் காசு கொடுத்து அனுப்பியிருக்கலாம், அது சுலபம். ஆனால் அனுப்பிவிட்டு, நாளை இந்தக் கொல்லையில் எப்படி உளுந்து களைவது? கதவைப் பூட்டிக்கொண்டு அவரை அழைத்துக்கொண்டு கிளம்பினாள்.

கும்பகோணத்தில் ஏறி, மயிலாடுதுறையில் மாறி, சீர்காழி போய்ச் சேரப் பிற்பகல் ஆகிவிட்டது. வழி நெடுக இரண்டு பக்கமும் சம்பா நடவு தண்ணீரில் நின்றது. அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசவில்லை. கண்டக்டர் டிக்கெட் கேட்டபோது குந்தவை "ரெண்டு" என்றாள். கண்டக்டர் அவரையும் பார்த்துவிட்டு இரண்டு கிழித்துக் கொடுத்ததில் ஏனோ ஆறுதலாக இருந்தது.

பிரகதாம்பாள் வானதி வீட்டு முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இன்னொரு நாற்காலி. குந்தவையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வா குந்தவை. யாரு இது?"

குந்தவை ஒதுங்கி நின்றாள். அவரே முன்னால் போனார்.

"பிரகதா" என்றார்.

பிரகதாம்பாள் அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். அவசரமில்லாமல் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

"யாருங்க நீங்க?"

"சாமிதுரை."

"அவரு இப்படியா இருப்பாரு?" என்று குந்தவையைப் பார்த்துக் கேட்டாள் பிரகதாம்பாள், ஏதோ கடையில் தவறான சாமானை எடுத்துக் கொடுத்ததுபோல. "காலையிலகூட இங்கதான் உக்காந்திருந்தாரு. அவருக்குத் தலையெல்லாம் ஒண்ணும் நரைக்கல."

உள்ளேயிருந்து வந்த வானதி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். அவர் காணாமல் போனபோது அவள் சின்னப்பெண். முகம் நினைவில் இல்லை. அவள் பெரியம்மாவைப் பார்த்தாள், கிழவரைப் பார்த்தாள், கடைசியில் குந்தவையைப் பார்த்தாள். குந்தவை தரையைப் பார்த்தாள். 'கொல்லைக் கதவைத் தூக்கித் திறந்தாரும்மா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. வீடும், வளையலும், நூற்றுக்கு எட்டும் அதே நாக்கின்மேல் உட்கார்ந்திருந்தன. அவள் சொல்லவில்லை.

"மழையில வந்திருக்காரு பாவம். காபி குடு வானதி" என்றாள் பிரகதாம்பாள்.

அவர் காபியை நின்றபடியே குடித்தார். காலி நாற்காலியில் உட்காரும்படி யாரும் சொல்லவில்லை. டம்ளரை வைத்துவிட்டு, "வரேன்" என்றார். "போயிட்டு வாங்க" என்றாள் பிரகதாம்பாள், வழிப்போக்கருக்குச் சொல்வதுபோல.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம் இல்லை. குந்தவையால் பொறுக்க முடியவில்லை.

"நீங்க அவருதானே?"

"அவ இல்லேன்னுட்டாளே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஒங்க பத்திரத்துல நான் செத்துட்டேன்னு எழுதியிருக்கா?" என்று கேட்டார்.

"எழுதியிருக்கு."

"அப்பச் சரி."

மயிலாடுதுறை பஸ் நிலையத்தில் பஸ் மாறும்போது, டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார். கும்பகோணம் பஸ் புறப்பட்டது. அவர் வரவில்லை. குந்தவை அதை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸுக்கும் காத்திருந்தாள். டீக்கடைகளில் எல்லாம் போய்ப் பார்த்தாள். நரைத்த தலைகள் நிறைய இருந்தன. அவர் இல்லை. கடைசியில் தனியாக ஏறினாள்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் முறைப்படி நடந்தது. பட்டா அவள் பெயருக்கு மாறியது. வீட்டுவரி ரசீது அவள் பெயரில் வந்தது. பொங்கலுக்கு வந்த முருகையனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் வெகுநேரம் பீடியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, "யாருகிட்டயும் சொல்லாத" என்றான். ஜெக்கரியா கடைத்தெருவில் பார்த்தால் "நல்லாருக்கியாம்மா?" என்பதோடு சரி, நிற்பதில்லை.

மாசி மாதத்தில் சீர்காழியிலிருந்து போன் வந்தது. வானதி பேசி, பெரியம்மாவிடம் கொடுத்தாள்.

"குந்தவை, அவரு இப்ப இங்க வர்றதே இல்ல" என்றாள் பிரகதாம்பாள். குரல் மெலிந்திருந்தது. "அந்தப் பெரியவரு வந்துட்டுப் போனாருல்ல, அன்னையிலேந்து வர்றதில்ல. கோவமோ என்னமோ. அங்கதான் வந்திருக்கணும். வேற எங்க போவாரு? இருக்காரா?"

குந்தவை கூடத்தில் நின்றுகொண்டிருந்தாள். கிரைண்டர் நின்றிருந்தது. அவ்வளவு அமைதியை அந்த வீட்டில் அவள் கேட்டதில்லை. உண்மையைச் சொல்ல ஒருமுறை வாய்ப்பு வந்து, அதைத் தான் விட்டுவிட்டது ஞாபகம் வந்தது. இப்போது அந்தக் கிழவிக்குக் கொடுக்க அவளிடம் இருந்தது ஒன்றுதான்.

"இருக்காரும்மா" என்றாள். "அறையில படுத்திருக்காரு."

அந்தப் பக்கத்தில் பெருமூச்சு கேட்டது. "தூங்கட்டும். எழுப்பாத" என்றாள் பிரகதாம்பாள்.

வாரம் ஒரு போனாவது வருகிறது. சாப்பிட்டாரா, இருமல் இருக்கிறதா, வயல் பக்கம் போகிறாரா என்று கேட்பாள். குந்தவை ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்கிறாள். முதலில் தடுமாறினாள், இப்போது தடுமாறுவதில்லை. அரிசி மூட்டைகளைக் கூடத்துக்கு மாற்றிவிட்டாள். ஏன் என்று முருகையன் கேட்டதற்கு, அறையில் ஈரம் அடிக்கிறது என்றாள். பகலில் அந்தக் கதவைச் சாத்தியே வைத்திருக்கிறாள். அடுத்த தெருவிலிருந்து மாவு வாங்க வரும் பெண்கள் உள்ளே வந்து சத்தமாகப் பேசினால், அவள் பதில் சொல்லும்போது குரல் தானாகத் தாழ்கிறது. அதை அவள் கவனித்ததாகத் தெரியவில்லை. வந்தவர்களும் கொஞ்ச நேரத்தில் கிசுகிசுத்தே பேசி, மாவை வாங்கிக்கொண்டு போகிறார்கள்.